கூட்டத்துக்குப் போய் உட்கார்கிற ஆள்

(இதழியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உள்ளூர்ப் பத்திரிகைகளின் எதிர்காலம் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். எதிர்காலத்தை ஜோசியர்களிடம் விட்டுவிட்டு, நடந்து முடிந்த ஒன்றைப் பேசுகிறேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அங்கே ‘தி விண்டிகேட்டர்’ என்ற நாளிதழ் 150 ஆண்டு நடந்து, 2019 ஆகஸ்ட் 31 அன்று கடைசி இதழை அச்சடித்து நின்றது.

ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கலாம். அங்கே எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. யார் விற்றார், யார் வாங்கினார், எவ்வளவு வட்டி, எத்தனை பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று தேதிவாரியாகக் கிடைக்கிறது. நம் பக்கத்தில் ஒரு பதிப்பை மூடினால் அடுத்த மாவட்டத்துக்காரருக்குக்கூடத் தெரிவதில்லை. ஊரில் யார் செத்தாலும் செய்தி போடும் பத்திரிகைகள் தங்கள் வீட்டுச் சாவை மட்டும் போடுவதில்லை.

யங்ஸ்டவுன் எஃகு ஊர். 1930-இல் மக்கள் தொகை 1,70,000. 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, ‘யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப்’ நிறுவனம் தன் கேம்பல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த நாளை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் ‘கறுப்புத் திங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆலையாகப் போனது. 2020 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 60,000. மூன்றில் இரண்டு பங்கு ஊர் காலி.

ஆலைகள் போனாலும் அடாவடி போகவில்லை. மாஃபியா கும்பல்கள் பல தலைமுறையாக ஊன்றியிருந்த இடம் அது. 1996 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, மாவட்ட அரசு வழக்கறிஞராகத் தேர்வாகி இன்னும் பதவியேற்காத ஒருவரை வீடு புகுந்து சுட்டார்கள். உயிர் பிழைத்தார். அதைத் தொடர்ந்த விசாரணைகளில் நீதிபதிகள், ஷெரிஃப், முன்னாள் அரசு வழக்கறிஞர் என்று வரிசையாகத் தண்டனை பெற்றார்கள். 2002-இல் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் டிராஃபிகன்ட் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டு அவையிலிருந்தே நீக்கப்பட்டார். இப்படியோர் ஊரில் நிருபருக்கு வேலைப் பஞ்சம் ஏது?

பஞ்சம் வேறு பக்கத்தில் இருந்தது. விண்டிகேட்டர் 1887 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. நட்டம் வந்தபோதும் குடும்பம் பல ஆண்டு கையைக் கடித்துக்கொண்டு நடத்தியது. வாங்குவதற்கு ஆள் தேடியது. நாடு முழுக்கப் பத்திரிகைகளைக் கூடைகூடையாக வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளில் ஒன்றுகூட இதை வாங்க முன்வரவில்லை. 2019 மார்ச்சில் பக்கத்து லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை நின்றது. ஜூன் 25-இல் பத்திரிகைக்கு 150 வயது. அதற்கு மூன்று நாள் கழித்து மூடும் அறிவிப்பு. ஊழியர்கள் 144 பேர். வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர்கள் சுமார் 250 பேர். அதே குடும்பத்துக்குச் சொந்தமான தொலைக்காட்சி நிலையம் இன்றும் ஓடுகிறது. படிக்க ஆளிருந்தும் பேப்பர் நின்றுபோனது, பார்க்க ஆளிருப்பதால் டிவி நிற்கவில்லை என்பதில் ஏதோ பாடம் இருக்கலாம். எனக்கு அது பிடிபடவில்லை.

மூடிய மறுநாளே ஒரு விசித்திரம். வடக்கே வாரன் என்ற ஊரில் வெளிவரும் ‘டிரிப்யூன் குரோனிக்கிள்’ என்ற நாளிதழ் விண்டிகேட்டரின் பெயரையும் சந்தாதாரர் பட்டியலையும் வாங்கி, அதே பெயரில் ஒரு பதிப்பை வெளியிடத் தொடங்கியது. ஆக, யங்ஸ்டவுன் வாசலில் மறுநாள் காலையும் விண்டிகேட்டர் விழுந்தது. முகப்பில் பெயர் இருந்தது, செய்தியாளர் படை இல்லை. பழைய ஆட்களில் சிலரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அக்டோபரில் மெக்ளாட்ச்சி என்ற பத்திரிகைக் குழுமம் கூகுளின் பணத்தோடு ‘மஹோனிங் மேட்டர்ஸ்’ என்ற இணையச் செய்தித் தளத்தைத் தொடங்கியது. அதில் இருந்தது ஒரு கைப்பிடி ஆட்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. பத்திரிகை சாகாமலே உள்ளூர்ச் செய்தி சாக முடியும். வாசலில் பேப்பர் விழுகிறதா என்று பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். பார்க்க வேண்டியது, ஊரில் கூட்டம் நடக்கும்போது அங்கே போய் உட்கார்கிற ஆள் இருக்கிறாரா என்பதை.

உள்ளூர் நிருபரின் வேலையில் பெரும்பங்கு உட்கார்ந்திருப்பதுதான். நகர்மன்றக் கூட்டம், பள்ளி வாரியக் கூட்டம், குடிநீர்க் கட்டணம் பற்றிய கூட்டம், காலி மனையில் கடை கட்ட அனுமதி கேட்கும் கூட்டம். பத்துக்கு எட்டில் ஒன்றும் இருக்காது, கொட்டாவிதான் மிஞ்சும். ஆனால் நிருபர் வந்திருக்கிறார் என்பது மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் எழுதும் செய்தியைவிட எழுதக்கூடும் என்ற நினைப்புக்கு வேலை அதிகம். அந்த நினைப்பால் நடக்காமல் போன முறைகேடுகளை எந்தப் புள்ளிவிவரத்திலும் தேட முடியாது. நிர்வாகம் ஆட்குறைப்புப் பட்டியல் போடும்போது அந்த நிருபர் வெறும் செலவாகத் தெரிவதும் இதனால்தான். போன மாதம் எத்தனை செய்தி கொடுத்தார் என்று எண்ணலாம். எத்தனை திருட்டு நடக்காமல் இருந்தது என்று எண்ண முடியுமா?

ஆள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் பெல் என்ற சிற்றூரின் கதை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலீஸை ஒட்டிய ஊர். சுமார் 37,000 பேர். பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி உழைப்பாளிகள். அந்த ஊரைக் கவனிக்க உள்ளூர் நாளிதழ் கிடையாது. 2005-இல் ஒரு சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 400 பேருக்கும் குறைவு. அந்த ஓட்டை வைத்துக்கொண்டு, கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலம் விதித்திருந்த உச்சவரம்பிலிருந்து நகராட்சி நழுவிக்கொண்டது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தால், நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவின் ஆண்டுச் சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க அதிபருக்கே 4 லட்சம் டாலர்தான். மாதத்துக்குச் சில மணி நேரம் வேலை பார்த்த கவுன்சிலர்கள் ஆளுக்கு ஏறக்குறைய 1 லட்சம் டாலர் வாங்கினார்கள்.

2010 ஜூலையில் ‘லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்’ நிருபர்கள் ஜெஃப் காட்லீப், ரூபன் விவெஸ் இருவரும் இதை வெளியே கொண்டுவந்தார்கள். பெல்லைத் தேடி அவர்கள் போகவில்லை. பக்கத்து ஊரான மேவுட்டின் விவகாரத்தைக் கிளறப் போய், பேச்சுவாக்கில் பெல் வந்து விழுந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பத்திரிகைக்குப் புலிட்சர் பரிசு. பின்னர் ரிஸ்ஸோவுக்குப் பன்னிரண்டு ஆண்டு சிறை. இதழியல் வகுப்புகளில் இதை வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முறை சம்பளம் கூடிய ஆண்டிலேயே அந்த மன்றத்தில் ஒரு நிருபர் இருந்திருந்தால் அது நாலு வரிச் செய்தி. ஊர் கொதித்திருக்கும், தீர்மானம் திரும்பப் பெறப்பட்டிருக்கும். யாரும் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள், யாருக்கும் பரிசும் கிடைத்திருக்காது.

இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. ‘சின்சினாட்டி போஸ்ட்’ என்ற நாளிதழ் 2007-இன் கடைசி நாளில் மூடியது. அந்தப் பேப்பரை அதிகம் நம்பியிருந்த கென்டக்கிப் பக்கத்துச் சிற்றூர்களில் அடுத்து வந்த தேர்தல்களை சாம் ஷுல்ஹோஃபர்-வோல், மிகேல் கரிடோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பார்த்தார்கள். வேட்பாளர்கள் குறைந்தார்கள், பதவியில் இருப்பவரே மீண்டும் ஜெயிப்பது கூடியது, வாக்குப்பதிவு சரிந்தது. சின்ன அளவிலான தரவு இது என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். வேறு மூவர் நகராட்சிகள் வாங்கும் கடனைப் பார்த்தார்கள். ஊரில் பேப்பர் மூடியதும் கடன் பத்திரத்துக்கு நகராட்சி கொடுக்கும் வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை உயர்கிறது என்று கண்டார்கள். கேட்கச் சின்ன எண்தான். பல கோடிக் கடனை இருபது ஆண்டு அடைக்கும் நகராட்சிக்கு அது சின்னதல்ல. கடன் கொடுக்கிறவனுக்குத் தத்துவம் எதுவும் கிடையாது. கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் பணம் போடுவதற்கு அவன் கூடுதலாகக் கேட்கிறான், அவ்வளவுதான்.

சரி, இந்த நிருபருக்கு இவ்வளவு காலம் சம்பளம் கொடுத்தது யார்? வாசகர் என்று நினைத்தால் தவறு. வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு, ஆள் தேவை என்று வரும் வரி விளம்பரங்கள்தான் கொடுத்தன. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாளிதழ்களுக்கு வரி விளம்பரத்தில் மட்டும் வந்தது 1,960 கோடி டாலர். நாய்க்குட்டி விற்க விளம்பரம் கொடுத்தவர், தனக்கே தெரியாமல், நகர்மன்றக் கூட்டத்துக்கு ஒருவரை அனுப்பிக்கொண்டிருந்தார். 1995-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் தொடங்கிய ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்’ இந்த விளம்பரங்களை ஏறக்குறைய இலவசமாகப் போட ஆரம்பித்தது. 2000 முதல் 2007 வரை இதனால் விளம்பரதாரர்களுக்கு மிச்சமான தொகை சுமார் 500 கோடி டாலர் என்று ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஷு என்ற ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மிச்சப்பட்டது நியாயமான பணம். நாய்க்குட்டி விற்கிறவர் எதற்கு ஊருக்காகத் தண்டம் கட்ட வேண்டும்? ஆனால் அந்தப் பணத்தில் யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை அது போன பிறகுதான் எல்லாரும் கவனித்தார்கள். கூகுளும் ஃபேஸ்புக்கும் வந்து மீதி விளம்பரத்தையும் அள்ளிக்கொண்டு போயின. 2005-இல் 4,900 கோடி டாலராக இருந்த நாளிதழ் விளம்பர வருமானம் 2020-இல் 1,000 கோடிக்கும் கீழே. நாளிதழ்களின் செய்திப் பிரிவில் 2008-இல் 71,000 பேர் இருந்தார்கள், 2020-இல் 31,000 பேர்.

இணையம்தான் கொன்றது என்று இதோடு கதையை முடித்துக்கொள்வது முதலாளிகளுக்கு வசதி. நான் முடிக்க மாட்டேன். கடன் என்ற இன்னொரு கை இருக்கிறது.

‘நைட் ரிடர்’ என்று ஒரு குழுமம், 32 நாளிதழ்கள். 2005-இல் ஏறத்தாழ 20 சதவீத லாபம் பார்த்தது. நம் ஊர் மளிகைக் கடைக்காரர் கனவிலும் காணாத லாபம். பங்குதாரர்களுக்குப் போதவில்லை, விற்றே ஆக வேண்டும் என்று நெருக்கினார்கள். 2006-இல் ‘மெக்ளாட்ச்சி’ 450 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, பழைய கடன் 200 கோடியையும் தலையில் ஏற்றிக்கொண்டு. வாங்கிய மறு ஆண்டிலிருந்தே விளம்பரம் சரிந்தது. கடன் சரியவில்லை. பதினான்கு ஆண்டு ஆட்களை வெட்டி வெட்டி வட்டி கட்டி, 2020 பிப்ரவரியில் மெக்ளாட்ச்சி திவால் மனு கொடுத்தது. 1857-இல் தொடங்கிய குடும்ப நிறுவனம் ஒரு முதலீட்டு நிதியின் கைக்குப் போனது, 31 கோடி டாலருக்கு.

2019-இல் ‘கேட்ஹவுஸ்’ என்ற பத்திரிகைக் குழுமம் ‘கன்னெட்’ என்ற இன்னொரு குழுமத்தை வாங்கியபோது அப்போலோ என்ற நிதி நிறுவனத்திடம் வாங்கிய கடன் சுமார் 180 கோடி டாலர், வட்டி 11.5 சதவீதம். அமெரிக்காவில் வீட்டுக் கடன் 4 சதவீதத்துக்குக் கிடைத்த காலம் அது. 260-க்கும் மேற்பட்ட நாளிதழ்கள் சம்பாதித்ததெல்லாம் முதலில் அந்த வட்டிக்குப் போயாக வேண்டும். நான்கே ஆண்டில் அந்த நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை பாதியானது. கந்துவட்டிக்கு வாங்கியவன் வீட்டில் முதலில் எது அடகுக்குப் போகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டென்வரில் நடந்தது இன்னும் அப்பட்டம். ‘டென்வர் போஸ்ட்’ நாளிதழை வைத்திருந்தது ‘ஆல்டன் குளோபல் கேப்பிடல்’ என்ற முதலீட்டு நிதி. ஒரு காலத்தில் 250 பேருக்கு மேல் இருந்த செய்திப் பிரிவு நூற்றுக்கும் கீழே வந்திருந்தது. 2018 மார்ச்சில் மேலும் 30 பேரைக் குறைக்கச் சொன்னார்கள். பத்திரிகை நட்டத்தில் ஓடியதால் அல்ல. ஆல்டன் வசமிருந்த செய்தித்தாள் நிறுவனம் அதற்கு முந்தைய நிதியாண்டில் 17 சதவீத லாபம் பார்த்தது என்று பத்திரிகைத் தொழிலை ஆராயும் கென் டாக்டர் கணக்கு வெளியிட்டார். ஏப்ரலில் டென்வர் போஸ்ட் தன் தலையங்கப் பக்கத்திலேயே தன் முதலாளியைப் பிணந்தின்னிக் கழுகு என்று எழுதி, பத்திரிகையை விற்றுவிட்டுப் போகச் சொன்னது. அதை முன்னின்று நடத்திய சக் பிளங்கெட் அடுத்த மாதம் பதவி விலகினார். ஆல்டன் விற்கவில்லை. 2021-இல் ‘சிகாகோ டிரிப்யூன்’ உள்ளிட்ட குழுமத்தையும் 63 கோடி டாலருக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டது.

ஆட்குறைப்பு எப்படி நடக்கிறது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் விருப்ப ஓய்வு அறிவிப்பு வரும். அதிகச் சம்பளக்காரர் போவார். அதாவது, பத்தாண்டுக்கு முன் இதே கவுன்சிலர் இதே ஒப்பந்தக்காரருக்காகப் பேசியது ஞாபகத்தில் இருப்பவர் போவார். அடுத்து புகைப்படக்காரர். 2013 மே மாதம் ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ தன் புகைப்படப் பிரிவின் 28 பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டு, நிருபர்களை ஐஃபோனில் எடுக்கச் சொன்னது. அனுப்பப்பட்டவர்களில் ஜான் எச். ஒயிட் புலிட்சர் பரிசு பெற்றவர். பிறகு பிழை பார்க்கிறவர்கள். பல பேப்பர்களின் பக்கங்களை எங்கோ ஒரு நகரத்தில் ஒரே மையத்தில் வைத்துக் கட்டுவார்கள்; ஊரில் எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. கடைசியில் அச்சகம். சொந்த அச்சகத்தை மூடி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்து லாரியில் கொண்டுவருவார்கள். அதற்காகப் பக்கங்களைப் பொழுது சாயும்போதே முடித்துவிட வேண்டும். நகர்மன்றம் கூடுவது மாலை ஏழு மணிக்கு. கூட்டத்துக்குப் போக ஆளிருந்தாலும் காலைப் பேப்பரில் அந்தச் செய்தி வராது. வராத செய்திக்கு எதற்கு ஆள் என்று அடுத்த சுற்றில் அவரையும் குறைப்பார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே தாக்குப்பிடிப்பவர்கள் உண்டு. அயோவா மாநிலத்தில் ஸ்டார்ம் லேக் என்ற ஊரில் கல்லன் குடும்பம் நடத்தும் பேப்பர் அப்படி ஒன்று. 2017 நிலவரப்படி சுமார் 3,000 பிரதி, வாரம் இருமுறை. அப்போது அண்ணன் வெளியீட்டாளர், தம்பி ஆர்ட் கல்லன் ஆசிரியர், தம்பி மனைவி புகைப்படக்காரர், மகன் நிருபர். ஆற்றில் நைட்ரேட் கலப்பது தொடர்பான வழக்கில் மூன்று மாவட்ட நிர்வாகங்களின் வழக்குச் செலவை வேளாண் தொழில் அமைப்புகள் ரகசியமாகக் கட்டியதைத் துருவி எழுதிய தலையங்கங்களுக்கு 2017-இல் புலிட்சர் கிடைத்தது. ஊரே உழவர்களும் இறைச்சிக் கூடத் தொழிலாளிகளும். விளம்பரதாரர்களும் அவர்களோடு தொழில் செய்கிறவர்களே. எழுத நெஞ்சுரம் வேண்டும். அதே நேரம், சம்பளக் கணக்கைப் பார்க்காமல் ஒரு குடும்பமே உழைத்தால்தான் நிற்கும் ஏற்பாட்டை எல்லா ஊருக்கும் வழியென்று நான் சொல்ல மாட்டேன். ‘சால்ட் லேக் டிரிப்யூன்’ 2018-இல் செய்திப் பிரிவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, 2019-இல் லாப நோக்கற்ற அமைப்பாக மாறியது. 2021-இல் அச்சு வாரம் ஒருமுறை ஆனது. அதுவும் ஒரு வழி.

இனி நம் பக்கம் வருகிறேன். சுருக்கமாகத்தான்.

நம்மிடம் பத்திரிகை மூடவில்லை, மாவட்டப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, பின்னே என்ன குறை என்று கேட்பார்கள். மாவட்டப் பக்கத்தை இந்திய மொழி நாளிதழ்களுக்குப் பழக்கப்படுத்தியதில் 1974-இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய தெலுங்கு ‘ஈநாடு’வுக்குப் பெரும்பங்கு உண்டு, 1989-இல் அது மாவட்டத்துக்கு ஒரு சிறு இணைப்பே கொடுத்தது. அந்தப் பக்கங்களை நிரப்பியவர்கள் ஊர் ஊராக இருந்த பகுதி நேர நிருபர்கள். ஸ்டிரிங்கர் என்பார்கள். இந்தி நாளிதழ்களில் இதே ஏற்பாடு பரவியதை ஊடக ஆய்வாளர் செவந்தி நைனன் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நமக்கும் அது புதிதல்ல.

எனக்குத் தெரிந்த தாலுகா நிருபர்கள் பலருக்குப் பத்திரிகையிலிருந்து வருவது பெட்ரோல் செலவுக்குத்தான் காணும். அடையாள அட்டை உண்டு, நியமன உத்தரவு கிடையாது. ஆண்டு மலருக்கும் தீபாவளிக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதில் கமிஷன். விளம்பரம் யார் கொடுப்பார்? ஒப்பந்தக்காரர், தனியார் பள்ளித் தாளாளர், மருத்துவமனைக்காரர், கவுன்சிலர். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர் வாசலில் போய் நின்று வாழ்த்து விளம்பரம் கேட்கச் சொல்லிவிட்டு, அவரைப் பற்றித் துணிந்து எழுது என்றும் சொல்கிறோம். அந்த நிருபரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஆளை நீக்கி மிச்சம் பிடித்தார்கள். இங்கே முதலிலிருந்தே ஆளை வேலைக்கு எடுத்துக்கொள்ளாமல் மிச்சம் பிடித்தோம். ஆட்குறைப்பு என்று தலைப்புப் போட அங்கே ஒரு நாள் இருந்தது, இங்கே அந்த நாளும் இல்லை.

1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், இதழியலை முதன்மைத் தொழிலாகக் கொண்டவரையே பத்திரிகையாளர் என்றது. இன்சூரன்ஸ் ஏஜென்டாகவோ கடை வைத்தோ பிழைத்துக்கொண்டு செய்தி கொடுப்பவர் அந்த வரையறையின் வாசற்படியிலேயே நிற்க வேண்டியிருந்தது. 2011-இல் பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரை அரசாணையானது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2017-இல் ஒப்பந்த ஊழியருக்கும் உண்டு என்றது. வழக்குப் போட்ட ஊர்களில் அலைந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்புகளின் அருமை தெரியும். தாலுகா நிருபரிடம் காட்ட ஓர் ஒப்பந்தத் தாள்கூடக் கிடையாது.

வருமானப் பக்கம் ஒன்றைக் கவனியுங்கள். நம் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வங்கிகளின் சொத்துக் கைப்பற்றுதல், ஏல அறிவிப்புகளைப் பார்க்கிறீர்கள். 2002-இன் சர்ஃபேசி சட்டத்தின் விதிப்படி இரண்டு நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், போட்டாக வேண்டும் என்பதால் வருகிறவை அவை. டெண்டர் விளம்பரம் அரசிடமிருந்து வருகிறது. இவற்றை இணையத்தில் போட்டால் போதும் என்று ஒரு நாள் விதி மாறினால் என்ன ஆகும்? ஃபுளோரிடாவில் 2023 முதல் அரசு அறிவிப்புகளை மாவட்ட இணையதளத்திலேயே போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. நாய்க்குட்டி விளம்பரத்தைப் போலவே இதுவும் ஒரு நாள் சொல்லாமல் போகலாம்.

இனி மன்றக் கூட்டத்துக்கே வருகிறேன். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். ஐந்தாண்டுக்கு மேல் நகராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். கேள்வி கேட்கக் கவுன்சிலரே இல்லாத அந்தக் காலத்தில் நம் மாவட்டப் பக்கங்கள் நகராட்சிகளின் வரவுசெலவைப் பற்றி என்ன எழுதின என்று மாணவர்கள் யாராவது நூலகத்தில் உட்கார்ந்து எடுத்துப் பார்க்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கே போதும்.

இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், மாதக் கூட்டம் நடக்கிறது. நிருபர்களும் போகிறார்கள். மறுநாள் என்ன படிக்கிறோம்? கவுன்சிலர்கள் வாக்குவாதம், வெளிநடப்பு, குடிநீர்க் குடத்தோடு தரையில் உட்கார்ந்து போராட்டம். அதற்கிடையே அறுபது தீர்மானங்கள் பத்து நிமிடத்தில் ‘ஆல் பாஸ்’ ஆகியிருக்கும். எந்தச் சாலை, எந்த ஒப்பந்தக்காரர், மதிப்பீட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பது மன்றப் பொருள் நகலில் அச்சாகியே இருக்கும். படிக்க நேரம் யாருக்கு? நிருபருக்கு அன்றைக்கு இன்னும் ஐந்து செய்தி அனுப்ப வேண்டும், ஒரு விளம்பரத்துக்கும் போக வேண்டும்.

பிரிட்டனில் இதற்கொரு ஏற்பாடு செய்தார்கள். பிபிசி தன் உரிமக் கட்டண வருவாயிலிருந்து சுமார் 165 நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. அவர்கள் வேலை பார்ப்பது உள்ளூர்ப் பத்திரிகைகளில், முக்கிய வேலை உள்ளாட்சி மன்றக் கூட்டங்களுக்குப் போவது. எழுதும் செய்தியைத் திட்டத்தில் சேர்ந்த எல்லாப் பத்திரிகைகளும் எடுத்துக்கொள்ளலாம். சம்பளத்தைத் தாங்கள் கொடுக்காமல் லாபத்தில் ஓடும் குழுமங்களுக்கு இது மறைமுக மானியம் என்று விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் கூட்டத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அளவுக்குப் பணம் இந்த அரங்கில் யாரிடமும் இல்லை. இந்த அறக்கட்டளையிடம் ஆண்டு வட்டி இருக்கிறது. இதுவரை அது சொற்பொழிவாளரின் வழிச்செலவு, சால்வை, சிற்றுண்டி, இந்த உரையை அச்சிடும் கூலி என்று போகிறது. அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஓராண்டுக்கு என்னைப் போல யாரையும் அழைக்க வேண்டாம். இந்த ஊர் நகராட்சியின் பன்னிரண்டு மாதக் கூட்டங்களுக்கும் இந்தத் துறையிலிருந்து இரண்டு மாணவர்களை அனுப்புங்கள். பயணப்படியும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். வாக்குவாதத்தை அவர்கள் எழுத வேண்டாம், அதற்கு ஆளிருக்கிறது. தீர்மான எண், தொகை, யாருக்குப் போனது, யார் எதிர்த்தார், போன மாதம் தள்ளிவைத்தது இந்த மாதம் எந்தப் பெயரில் வந்தது, இவற்றை மட்டும் நாலு பக்கத்தில் அடித்து, டீக்கடை, முடிதிருத்தகம், ரேஷன் கடை, பேருந்து நிலையம் என்று கொண்டுபோய்ப் போடுங்கள். மன்றப் பொருள் நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டும். நீதிமன்ற வில்லைக்குப் பத்து ரூபாய். எந்தக் கட்சிக்காரர் நகர்மன்றத் தலைவராக இருந்தாலும் முதல் இரண்டு இதழுக்குள் துறைத்தலைவருக்கு ஒரு தொலைபேசி வரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவர் இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் நிருபர் நண்பர்களிடமிருந்தே தொடங்கலாம்.